ஈ.சி.டி. செல்லை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி? கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் கேஸ் குரோமேட்டோகிராஃப் கருவியில், ஈ.சி.டி. எனப்படும் எலெக்ட்ரான் கவர் டிடெக்டர் தகராறு செய்கிறது. அதன் செல்லை, அதாவது கதிரியக்கத் தகடு அடங்கிய உலோக அறையை, கழற்றி அனுப்பினால் வேறு செல் தருகிறோம் என்று வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். செல்லுக்குள் 555 மெகா பெக்கரல், அதாவது 15 மில்லி கியூரி (இரண்டும் கதிரியக்கத்தின் அளவுகள்), நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. பெங்களூரில் ஒரு கூரியர்காரர் மஞ்சள் பட்டையில் கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்க் குறியைப் பார்த்ததும் பார்சலைத் தொடவே மறுத்துவிட்டார். இன்னொரு ஏஜென்ட், "மெஷின் ஸ்பேர் பார்ட் என்று போட்டு அனுப்பிவிடலாம், எந்த ஸ்கேனரிலும் தெரியாது" என்கிறார். மேனேஜரோ, நம் ஊர் கிரானைட் கண்டெய்னருக்கே வெளிநாட்டுத் துறைமுகத்தில் அலாரம் அடிக்கிறது, அதற்கே இப்படி எந்தப் பேப்பரும் கேட்பதில்லை, இந்தக் கையடக்கமான பொருளுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறாராம். யார் சொல்வது சரி, எப்படி அனுப்புவது என்பதுதான் கேள்வி.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. எந்த ஸ்கேனரிலும் அது கதிரியக்கம் என்று தெரியாதுதான். அதனால்தான் அப்படி அனுப்பவே கூடாது.

நிக்கல்-63 பீட்டா கதிரை மட்டும் விடுகிற பொருள். அந்த பீட்டாவின் உச்ச ஆற்றல் 67 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான். காற்றிலேயே சில சென்டிமீட்டர் தாண்டாது, செல்லின் ஸ்டீல் சுவரைத் தாண்டும் பேச்சே இல்லை. காமா கதிர் கிடையாது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிற்கிற கதிர் கண்டுபிடிப்புக் கதவுகள் காமாவையும் நியூட்ரானையும்தான் பார்க்கும். உங்கள் பெட்டி அந்தக் கதவு வழியாகப் போனால் ஒரு விளக்கும் எரியாது. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒரு உலோகத் துண்டு தெரியும், அவ்வளவுதான். ஆகவே, உள்ளே இருப்பது இன்னதென்று அடுத்த ஆளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் இருக்கிற ஒரே வழி, பெட்டி மேல் எழுதியிருப்பதும் கூடவே போகிற காகிதமும்தான். அந்தக் காகிதத்தில் பொய் எழுதிவிட்டால் அந்தப் பொருள் என்னவென்று யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

மேனேஜர் கிரானைட்டைச் சொன்னது நல்ல கேள்வி, அதைத் தள்ளிவிட வேண்டாம். நம் பக்கத்துக் கல்லில், முக்கியமாகச் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஓடுகிற கற்களில், பொட்டாசியமும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே உண்டு. சாதாரண கிரானைட்டில் பொட்டாசியம்-40 ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1000 பெக்கரல் இருக்கும். 20 டன் ஏற்றிய கண்டெய்னர் என்றால் 2 கோடி பெக்கரல், அதாவது 20 மெகா பெக்கரல். பொட்டாசியம்-40 விடும் காமா பலமானது, எளிதில் வெளியே வந்துவிடும். அதனால் கதவு சத்தம் போடுகிறது. டைல்ஸ், பொட்டாஷ் உரம் ஏற்றிய லாரிக்கும் இதே கதைதான். ஆனால் போக்குவரத்து விதிகள் பார்ப்பது சத்தத்தை அல்ல, ஒரு கிராமில் எவ்வளவு செறிவு என்பதை. இயற்கைப் பொருளில் யுரேனியமோ தோரியமோ தன் வழித்தோன்றல்களோடு கிராமுக்கு 10 பெக்கரல் வரை இருந்தாலும் விதி அதைக் கதிரியக்கச் சரக்காக எண்ணாது. கிரானைட் அதற்கு வெகு கீழே. உங்கள் செல்லிலோ, 20 டன் கல்லில் உள்ள பொட்டாசியம்-40ஐப் போல 25 மடங்குக்கு மேல் கதிரியக்கம், ஒரு துண்டுத் தகட்டின் மேல் பூச்சாக இருக்கிறது. தகடு வெளியே வந்து, அந்தப் பூச்சு கையிலோ சாப்பாட்டிலோ சேர்ந்தால்தான் ஆபத்து. செல் மூடியிருக்கும்வரை பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். பயப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அந்த செல் உண்மையிலேயே கெட்டுவிட்டதா? ஈ.சி.டி. வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: பீட்டா துகள்கள் நைட்ரஜனில் எலெக்ட்ரான்களை உதிர்க்கின்றன, குளோரின் உள்ள பூச்சிமருந்து மூலக்கூறு வந்து அந்த எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது, மின்னோட்டம் குறைகிறது. ஜேம்ஸ் லவ்லாக் 1957ல் கண்டுபிடித்த இந்த முறையில் இன்றும் பிகோகிராம் அளவு எச்சம் தெரிகிறது. அவ்வளவு நுணுக்கமான கருவி அழுக்குக்கும் அதே அளவு நுணுக்கம். மாங்கூழிலிருந்து எடுத்த சாறு சரியாகச் சுத்தமாகாமல் ஊசியில் ஏறினால், சீசன் முடிவதற்குள் பேஸ்லைன், அதாவது எச்சமே இல்லாதபோதும் கருவி காட்டும் அளவு, ஏறிவிடும். முதலில் கேஸ் லைனில் கசிவு இருக்கிறதா, வாயுவிலுள்ள ஆக்சிஜனை வடிகட்டும் டிராப் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் column எனும் பிரிப்புக் குழாய் வந்து சேரும் வாயை அடைத்துவிட்டு, சுத்தமான நைட்ரஜனை ஓடவிட்டு, கையேடு சொல்லும் வெப்பநிலையில் ராத்திரி முழுக்கச் சூடேற்றுங்கள். வெளியேறும் வாயு கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்த எத்தனையோ செல்கள் இந்த ஒரு ராத்திரியில் சரியாகியிருக்கின்றன. என்ன ஆனாலும் செல்லைத் திறந்து உள்ளே துடைக்காதீர்கள். அந்த ஸ்க்ரூக்களைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாதபடி செய்திருப்பது காரணத்தோடுதான்.

"பழைய செல் சார், 15 வருடம் ஆச்சு, அதில் இன்னும் என்ன இருக்கப்போகிறது" என்று சிலர் சொல்வார்கள். நிக்கல்-63ன் அரை ஆயுள் சுமார் 100 வருடம். 15 வருடத்தில் 10 சதவீதம்தான் குறைந்திருக்கும்.

சரி, கெட்டதுதான் என்று உறுதியானால், உங்கள் செல் விதியில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். சர்வதேச அணுசக்தி முகமை முதலில் 1961ல் வெளியிட்ட போக்குவரத்து விதிகள்தான் எல்லாவற்றுக்கும் வேர். விமானத்துக்கு ஐ.சி.ஏ.ஓ., அயாட்டா விதிகளும், கப்பலுக்கு ஐ.எம்.டி.ஜி. விதிகளும், இங்கே ஏ.இ.ஆர்.பி. எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பாதுகாப்புக் குறியீடும் அதிலிருந்துதான் எழுதப்பட்டவை. அதனால் கிருஷ்ணகிரியில் சரியாகக் கட்டிய பெட்டி எந்த நாட்டிலும் சரியான பெட்டிதான்.

நிக்கல்-63க்கு ஒரு சரக்கில் 100 மெகா பெக்கரல் வரை இருந்தால் போக்குவரத்து விதியே பொருந்தாது. உங்களிடம் இருப்பது 555. ஆகவே விதிக்குள் வந்துவிட்டீர்கள். ஆனால் விதிக்குள்ளேயே மிக எளிய வகுப்பு ஒன்று உண்டு, எக்ஸெப்டட் பேக்கேஜ். கருவிக்குள் அடைத்த நிக்கல்-63க்கு அந்த வகுப்பின் வரம்பு, ஒரு கருவிக்கு 300 கிகா பெக்கரல். உங்கள் செல்லில் இருப்பது அதில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. தரும் எண்களில் இதற்குரியது யூ.என். 2911, கருவிகள் அல்லது பொருட்கள் என்ற தலைப்பு. கவனிக்க: கதிரியக்கப் பொருளைச் சும்மா வைத்திருப்பதற்கு மட்டும் உள்ள டப்பா 'கருவி' ஆகாது. தகட்டை மட்டும் தனியாகப் போட்டு அனுப்பினால் அது யூ.என். 2910 ஆகிவிடும், வரம்பும் வேறு. செல்லை முழுதாக, திறக்காமல் அனுப்புகிறவரைக்கும் 2911தான்.

இது எவ்வளவு எளிய வகுப்பு என்பதை மற்றதோடு ஒப்பிட்டால்தான் புரியும். அடுத்த படியான டைப் ஏ பெட்டி மழை போலத் தண்ணீர் தெளிப்பு, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், தன் எடையைப் போல ஐந்து மடங்கு பாரத்தை 24 மணி நேரம் தாங்குதல், 6 கிலோ இரும்புக் கம்பி ஒரு மீட்டரிலிருந்து மேலே விழுதல் ஆகிய சோதனைகளைத் தாண்ட வேண்டும். வெள்ளை ஒன்று, மஞ்சள் இரண்டு, மஞ்சள் மூன்று என்று லேபிள், போக்குவரத்துக் குறியெண், சிவப்பு ஓரக் கோடு போட்ட ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் எனும் அனுப்புபவர் உறுதிமொழிப் படிவம் எல்லாம் வேண்டும். ஓசூர் பக்கம் வெல்டிங் மூட்டுகளைப் படமெடுக்க வருகிற இரிடியம்-192 கேமராக்கள் அதற்கும் மேலே டைப் பி. உங்களுக்கு அந்தச் சோதனைகளும் வேண்டாம், அந்த டிக்ளரேஷனும் வேண்டாம், அந்த லேபிள்களும் வேண்டாம்.

வேண்டியது என்ன என்று சொல்கிறேன். இதில் முதல் படி பெட்டி இல்லை, அனுமதி. பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஏ.இ.ஆர்.பி.யின் அனுமதி இல்லாமல் ஒரு சோர்ஸ், அதாவது இப்படிப்பட்ட கதிரியக்கப் பொருள், நாட்டுக்குள் வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. விண்ணப்பம் இ-லோரா என்ற இணையதளத்தில். உங்கள் நிறுவனம் அதில் பதிவாகியிருக்கிறதா, இந்த செல் அதன் சீரியல் எண்ணோடு உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கருவியைச் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இங்கேதான் முடிச்சு விழும். செல் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அதை முதலில் நேராக்குங்கள். இரண்டு அனுமதி கேட்க வேண்டும்: பழைய செல்லைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப ஒன்று, மாற்று செல்லை இறக்குமதி செய்ய ஒன்று. இரண்டாவதை எல்லோரும் மறக்கிறார்கள். தயாரிப்பாளர் உற்சாகமாகப் புது செல்லை உடனே அனுப்பிவிடுவார், அது பெங்களூர் கார்கோவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கையில் அனுமதி இருக்காது, டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இறக்குமதி அனுமதி கைக்கு வரும்வரை அனுப்ப வேண்டாம் என்று அவருக்கு எழுத்தில் சொல்லிவையுங்கள்.

பெறுபவரிடமிருந்தும் ஒரு காகிதம் வேண்டும். அவர் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு, நிக்கல்-63ஐ வைத்துக்கொள்ள அவருக்குக் கொடுத்திருக்கும் லைசென்ஸின் நகல். நல்ல தயாரிப்பாளர் கேட்ட உடனே அனுப்புவார். எந்த முகவரிக்கு லைசென்ஸோ அந்த முகவரிக்குத்தான் பெட்டி போக வேண்டும். அவருடைய விற்பனை அலுவலகத்துக்கு அல்ல.

அடுத்து கசிவுச் சோதனை. வட்ட ஃபில்டர் பேப்பர் ஒன்றை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, செல்லின் மேல்புறத்தையும் வாயு நுழைகிற, வெளியேறுகிற இரண்டு வாய்களின் விளிம்பையும் கையுறை போட்ட கையால் நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். அந்தப் பேப்பரைச் சாதாரண கைகர் மீட்டரிடம் காட்டிப் பயனில்லை. நிக்கல்-63ன் பீட்டா பெரும்பாலும் மீட்டரின் ஜன்னலைத் தாண்டாது, கதிரியக்க அழுக்கு இருந்தாலும் இல்லை என்றே சொல்லும். இந்த மெல்லிய பீட்டாவையும் எண்ணக்கூடிய திரவச் சிண்டில்லேஷன் கவுண்டர் இருக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். துடைத்தெடுத்தது 200 பெக்கரலுக்குக் கீழே என்றால் செல் கசியவில்லை என்று சான்றிதழ் கிடைக்கும். இந்த ஒரு தாளை நான் மற்ற எல்லாத் தாளையும்விட மேலாக மதிக்கிறேன். ஏனென்றால் வழியில் பெட்டியைத் தூக்குகிற ஆளைக் காப்பாற்றுவது இதுதான்.

இப்போது பெட்டி. இரண்டு வாய்களையும் உலோக மூடியால் இறுக்குங்கள். செலோடேப் ஒட்டி அனுப்பக் கூடாது. செல்லின் மேல் ஆங்கிலத்தில் ரேடியோஆக்டிவ் என்ற எழுத்து தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் விதி. பிளாஸ்டிக் பையில் போட்டு, நாலு பக்கமும் ஃபோம் வைத்து, நல்ல அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். குலுக்கிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. வெளியே யூ.என். 2911 என்ற எண், அனுப்புபவர் பெறுபவர் முகவரி, விமானத்துக்கு என்றுள்ள சிவப்புக் கோட்டு ஓரமிட்ட எக்ஸெப்டட் பேக்கேஜ் லேபிள். பெட்டியின் வெளிப்பரப்பில் எங்கே வைத்தாலும் கதிர் அளவு மணிக்கு 5 மைக்ரோ சீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பெட்டியில் ஊரில் எங்கும் இருக்கும் அளவுதான் காட்டும். வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும் கதிரியக்க அழுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரலைத் தாண்டக் கூடாது.

காகிதத்தில் முக்கியமானது ஏர்வே பில் எனும் விமானச் சரக்குச் சீட்டு. சரக்கின் தன்மையைச் சொல்லும் கட்டத்தில் யூ.என். 2911, கதிரியக்கப் பொருள், எக்ஸெப்டட் பேக்கேஜ், கருவிகள், எத்தனை பெட்டி என்று இருக்க வேண்டும். ஓசூரில் ஒரு ஆய்வகத்தின் பெட்டி திரும்பி வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெட்டி மேல் எண் கச்சிதமாக ஒட்டியிருந்தது, லேபிள் சரி, சான்றிதழ் சரி. ஆனால் அந்தக் கட்டத்தில் ஏஜென்ட் ஆபீஸில் யாரோ 'லேப் பாகம்' என்று மட்டும் அடித்துவிட்டார்கள். ஏற்றுக்கொள்ளும் கவுண்டரில் இருந்த பெண், பெட்டியையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். அவர் செய்தது முழுக்க சரி. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை என்றால் எதை நம்புவது?

கூரியர்காரர் மறுத்ததற்கு வருத்தப்படாதீர்கள். கதிரியக்கச் சரக்கை முழுக்கச் சட்டப்படி கட்டினாலும் ஏற்க மறுப்பது உலகம் முழுக்க உள்ள சிக்கல். புற்றுநோய்க்கான ஐசோடோப்புகள்கூட இப்படி நின்றிருக்கின்றன. 2006லேயே சர்வதேச அணுசக்தி முகமை இதற்கென்று ஒரு குழு அமைத்தது. வீட்டுக்கு வந்து பார்சல் எடுக்கிற பையனிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஆபத்தான சரக்குக்குப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் கார்கோ ஏஜென்டைப் பிடியுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். "ஏழாம் வகுப்பு, யூ.என். 2911, ஒரு பெட்டி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள் (ஆபத்தான சரக்கில் ஏழாம் வகுப்பு என்றால் கதிரியக்கம்). பயந்துபோய் மெதுவாகச் சொன்னால் அவரும் பயப்படுவார். எந்த விமான நிறுவனம் ஏற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். சில நிறுவனங்கள் ஏழாம் வகுப்பையே தொடுவதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் யாராவது வெளிநாடு போகிறவர் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள், பயணிகள் சாமானில் இது அறவே கூடாது. தபாலிலும் போடாதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து விமான நிலையம் வரைக்கும்கூட கம்பெனி வண்டியில், விவரம் தெரிந்த ஒருவரோடு அனுப்புங்கள், பஸ்ஸில் வேண்டாம்.

சுங்கத்தில் ஒரே ஒரு விஷயம். பழுது பார்த்துத் திரும்ப வரும் பொருளுக்கு வரிச் சலுகை உண்டு, ஆனால் போன பொருளேதான் வர வேண்டும். உங்களுக்கு வருவது வேறு சீரியல் எண் கொண்ட மாற்று செல். அதைப் 'பழுது பார்த்து வந்தது' என்று எழுதினால் எண் இடிக்கும். முதலிலிருந்தே மாற்று என்றே எழுதி, அதற்குரிய வரியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கக் கேட்டால், வெளியே ஒட்டிய உறையில் அனுமதி, கசிவுச் சான்றிதழ், செல்லின் போட்டோ மூன்றும் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பதில் 'ஸ்பேர் பார்ட்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாமே என்று இன்னும் தோன்றினால் மாயாபுரியை நினைத்துப் பாருங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கதிர்க் கருவி 2010ல் ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாகப் போனது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதைச் சொல்ல எந்தத் தாளும் கூடப் போகவில்லை. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் பிரித்தார்கள், பலருக்குக் கதிர் பாதிப்பு, ஒரு தொழிலாளி இறந்துபோனார். உங்கள் செல்லால் அப்படிப்பட்ட கேடு வராது, நிக்கல்-63 வேறு, கோபால்ட்-60 வேறு. ஆபத்தின் அளவைப் பொறுத்து முகமை பிரித்திருக்கும் ஐந்து வகைப் பட்டியலில் உங்களுடையது கடைசி, ஆபத்து மிகக் குறைந்த வகை. ஆனால் தொலைந்துபோகும் விதம் ஒன்றேதான். முகவரி கிடைக்காமல் ஏதோ ஒரு நாட்டின் கிடங்கில் 'ஸ்பேர் பார்ட்' என்று கிடந்து, ஏலத்தில் போய், யாரோ ஒரு பையன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று சுத்தியலால் உடைத்துப் பார்த்தால், அந்தத் தகடு அவன் விரலில்தான் ஒட்டும்.

அனுப்பிய பிறகு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பெறுபவர், செல் வந்து சேர்ந்தது என்று சீரியல் எண்ணோடு எழுதித் தரும் கடிதத்தை வாங்கி இ-லோராவில் ஏற்றினால்தான் அது உங்கள் கணக்கிலிருந்து நீங்கும். புது செல் வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை துடைத்துச் சோதித்து, அதன் எண்ணைக் கணக்கில் சேருங்கள். எல்லாவற்றையும் தோத்தாபுரி மாம்பழ வரத்து ஓய்ந்த பிறகு ஆகஸ்டில் ஆரம்பியுங்கள். அனுமதி, சோதனை, ஏஜென்ட் என்று மாதக்கணக்கில் இழுத்தாலும் அடுத்த மே மாதத்துக்குள் கருவி ஓடும்.